மூன்று பெட்டிகளும் லில்லி புஷ்பத்தின் குரலும்

நாகர்கோவிலில் ஷைலஜா என்ற ஒலிப்பதிவாளர் இருந்தார். சென்னையில் பதினான்கு ஆண்டுகள் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வயது முப்பத்தெட்டு. சனிக்கிழமை காலையில் தன் வீட்டு மாடியில் ஐந்தாறு பேருக்கு ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்தார்.

மாணவர்களில் மூத்தவர் சத்தியநேசன். வயது ஐம்பத்தொன்பது. முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் பெட்ரோல் பங்கின் அளவையும் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. மீன்கடைத் தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தத்தை, பார்க்காமலே விரலால் தடவிக் கண்டுபிடித்தவர். யாரையும் நம்பாமல் இருந்துதான் அந்த வேலையில் நல்ல பெயர் எடுத்தார். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

முதல் வகுப்பிலேயே அவர் கேட்டார்.

“ஏதாவது கம்பெனி சாமான வாங்கச் சொல்லுவீங்களா, டீச்சர்?”

“சொல்ல மாட்டேன், சார்.”

“முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

ஆசிரியை சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் போன பிறகும் சத்தியநேசன் எழுந்திருக்கவில்லை.

“வீட்டுல வச்சு ஒரு குரலப் பதிவு செய்யணும். எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?”

மைக்கிலிருந்து வருகிற மெல்லிய ஒலியைப் பதிவு செய்கிற அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுக்கும் பெட்டிக்குப் பெயர்தான் ப்ரீஆம்ப். அது குரலைக் கெடுத்துவிடும் என்றும், தூக்கிவிடும் என்றும், இணையத்தில் ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். சத்தியநேசன் எல்லாவற்றையும் படித்திருந்தார். ஒன்றையும் நம்பவில்லை.

“யாரு குரல்?”

“என் வீட்டுக்காரி. லில்லி புஷ்பம்.”

“இப்ப என்ன வச்சிருக்கீங்க?”

செல்போனில் படத்தைக் காட்டினார். கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்னப் பெட்டி. ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருந்தது.

“இது போதும், சார்.”

சத்தியநேசன் அவர் முகத்தையே பார்த்தார்.

“உங்க மேசையில இருக்கது இது இல்லையே.”

ஆசிரியையின் மேசையில் கனத்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. சென்னையில் ஒரு ஸ்டூடியோவை மூடியபோது அவருக்குக் கிடைத்த ப்ரீஆம்ப்.

“இல்ல.”

“எனக்குப் போதும்னு சொல்லுதது உங்களுக்கு மட்டும் ஏன் போதல்ல?”

ஆசிரியை எழுந்தார். இரும்புப் பெட்டியின் ஒயர்களைக் கழற்றினார். ஒரு துண்டில் சுற்றி அவர் மடியில் வைத்தார்.

“கொண்டு போங்க.”

சத்தியநேசன் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் நின்றார். அவருடைய வேலைக்காலத்தில் காரணமில்லாமல் யாரும் அவருக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை.

அன்று மாலையே ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் இன்னொரு ப்ரீஆம்பைக் காட்டி, பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டும்போது கேட்டார், “ஷைலஜா அனுப்புனாளா?”

சத்தியநேசன் வெளியே வந்து தெருவில் நின்றபடியே ஆசிரியைக்குப் போன் செய்தார்.

“இந்தக் கடைக்காரர் உங்களுக்கு யாரு?”

“சித்தப்பா மகன்.”

“இவரு வித்தா உங்களுக்கு என்ன வரும்?”

“தீபாவளிக்கு ஒரு டப்பா முந்திரிக்கொத்து வரும், சார். போன வருசம் அதுவும் வரல்ல.”

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஆசிரியையிடம் சொல்லாத அவசரம் ஒன்று அவருக்கு இருந்தது.

லில்லி புஷ்பம் இருபத்தாறு வருடம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகளுக்காக அவரே ஏழு பாட்டுகள் கட்டியிருந்தார். நண்டு, பனை, மழை என்று சின்னச் சின்னப் பாட்டுகள். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் அவர் தொண்டையில்தான் இருந்தன. அந்தத் தொண்டையில் இப்போது தைராய்டு கட்டி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. பதினெட்டு நாள் இருந்தது.

“குரல் நரம்பு பக்கத்துலயே போகுது” என்று மருத்துவர் சொல்லியிருந்தார். “பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சிலருக்குக் குரல் மாறலாம்.”

பெரும்பாலும் என்ற சொல்லைச் சத்தியநேசன் நம்பவில்லை.

படுக்கையறையில் பதிவு தொடங்கியது. சுவரில் மெத்தைகளைச் சாய்த்தார். ஜன்னல் இடுக்கில் பழைய சேலைகளைத் திணித்தார். மின்விசிறியை நிறுத்தினார். மனைவியை மைக் முன்னால் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தார்.

“நண்டுப் பாட்டு. முதல் வரி மட்டும்.”

லில்லி பாடினார்.

சத்தியநேசனுடைய சின்னப் பெட்டியில் குரல் மெலிந்து கேட்டது. கடைப் பெட்டியில் மணல் உரசுவதுபோல் ஏதோ இருந்தது. ஆசிரியையின் பெட்டியில் குரல் கனமாக வந்தது. ஆனால் கனத்துக்குள்ளே ஒரு இறுக்கம். கேட்கக் கேட்க அந்த இறுக்கம் மற்ற இரண்டிலும் இருப்பது தெரிந்தது.

“நிப்பாட்டு. மறுபடி.”

மைக்கை இரண்டு விரல் தள்ளி வைத்தார்.

“நிப்பாட்டு. மறுபடி.”

ஒயரை மாற்றினார்.

லில்லி ஒரே வரியை நான்கு நாளில் நாற்பத்து மூன்று தடவை பாடினார். ஒரு பாட்டுகூட முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை சத்தியநேசன் வகுப்பு தொடங்குமுன்பே வந்து நின்றார்.

“மூணு பெட்டியும் சரியில்ல, டீச்சர்.”

“என்ன குறை?”

“குரல் இறுக்கமா வருது. யாரோ தொண்டையப் பிடிச்சிருக்க மாதிரி. மூணுலயும் அதேதான்.”

“மூணும் ஒரே கம்பெனியா?”

“இல்ல. அதான் எனக்கு விளங்கல்ல. மூணு பேரும் சேந்து ஒரே மாதிரி ஏமாத்த முடியாதே.”

“மூணு கடையில மூணு தராசு. மூணும் ஒரே அளவு குறைச்சுக் காட்டுது. நீங்க என்ன செய்வீங்க?”

“தராச விட்டுருவேன்” என்றார் உடனே. “தட்டுல இருக்க பொருளைப் பாப்பேன்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. செருப்பைத் தேடினார்.

“சார், நான் சொல்ல வந்தது…”

அவர் படியிறங்கிவிட்டார்.

நோய் அதற்குள் குரலைத் தொட்டுவிட்டது என்று சத்தியநேசன் முடிவு செய்தார். மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். மறைக்கிறார். லில்லிக்கும் தெரிந்திருக்கலாம். அவரும் மறைக்கிறார்.

மூன்று நாள் அவர் மனைவியின் பேச்சைக் காவல் காத்தார். சென்னையில் இருக்கிற மகளோடு லில்லி போனில் பேசும்போது கதவுக்குப் பின்னால் நின்றார். குளியலறையில் ஒரு இருமல் கேட்டால் நோட்டில் நேரத்தைக் குறித்தார்.

சாப்பிடும்போது கேட்டார், “தண்ணி முழுங்கும்போது வலிக்குதா?”

“இல்லியே.”

“உண்மையச் சொல்லு.”

லில்லி அகப்பையைக் கீழே வைத்தார்.

“நான் என்ன, மீன்கடைக்காரியா?”

அந்தக் கேள்வியைக் கேட்ட குரலிலும் இறுக்கம் இருந்ததா என்றுதான் அவர் மனம் பார்த்தது.

மறுநாள் ஆசிரியையை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

“நீங்க வந்து ஒரு தடவ கேளுங்க. என் காதையும் நான் நம்பல்ல. எனக்கு நிச்சயமாத் தெரியணும்.”

ஷைலஜா பகல் மூன்று மணிக்கு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். மெத்தைகள். ஜன்னலில் சேலைகள். புழுக்கம். மைக் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் லில்லி, நெற்றி வியர்க்க உட்கார்ந்திருந்தார். எதிரில் சத்தியநேசன், ஹெட்போனோடு. மடியில் நோட்டு. அவருடைய வலது கை நிறுத்தச் சொல்வதற்குத் தயாராகப் பாதி உயர்ந்தே இருந்தது.

ஆசிரியை ஒரு ஓரமாக நின்றார்.

லில்லி பாடினார். இரண்டாவது வரியில் கை உயர்ந்தது. லில்லி நிறுத்தினார்.

“கேட்டீங்களா, டீச்சர்? அந்த இடம்.”

“கேட்டேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, சார்.”

“எதுக்கு?”

“நான் பதிவு செய்யுதேன்.”

“எந்தப் பெட்டியில?”

“சொல்ல மாட்டேன்.”

“நான் பாக்காம எப்படி நம்புதது?”

“நம்ப வேண்டாம். வெளிய இருங்க.”

சத்தியநேசன் மனைவியைப் பார்த்தார். லில்லி தலை குனிந்திருந்தார். அவர் எழுந்து போனார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வெளியே போகாதபடி அவரேதான் அறையை அடைத்திருந்தார். டீச்சர் நோயைக் கண்டுபிடித்திருப்பார், அதை முதலில் லில்லியிடம் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தார். பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து தன்னிடம் என்ன சொல்லலாம் என்று பேசுகிறார்கள் என்று நினைத்தார். எழுந்து கதவு வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. லில்லி அவரைத் தாண்டி அடுக்களைக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“வாங்க, சார்” என்றார் ஆசிரியை. ஹெட்போனைக் கொடுத்தார்.

சத்தியநேசன் கண்ணை மூடிக்கொண்டார். லில்லியின் குரல் வந்தது. பாட்டு இல்லை, பேச்சு. ஆனால் முழுக்குரல். எந்தப் பிடியும் இல்லாமல், சொல்லின் முடிவில் லேசாகக் கரகரத்து இறங்குகிற குரல். பெண் பார்க்கப் போன அன்று உள்ளறையிலிருந்து அவர் முதலில் கேட்டது அந்தக் குரலைத்தான். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

“இதுதான், டீச்சர்! இதுதான் அவ குரல். இறுக்கமே இல்ல. எந்தப் பெட்டி இது?”

“என்ன சொன்னாங்க?”

“யாரு?”

“அக்கா. இதுல என்ன சொன்னாங்க?”

சத்தியநேசன் கண்ணைத் திறந்தார்.

“நான்… சத்தத்தத்தான் கேட்டேன். சொன்னதக் கவனிக்கல்ல.”

ஆசிரியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

“இத அவருக்குப் போட்டுக் காட்டுங்க, டீச்சர்” என்றது லில்லியின் குரல். “நான் நேருல சொன்னா காதுல ஏறாது. பெட்டி வழியா வந்தா கேப்பாரு. எனக்குத் தொண்டையில ஒரு வலியும் இல்ல. அவரு கையத் தூக்கிக்கிட்டு எதிர்ல உக்காந்தாத்தான் தொண்டை அடைக்குது. ஒவ்வொரு வரியையும் இதுதான் கடைசி வரின்னு நினைச்சுக்கிட்டுக் கேக்காரு. அப்படிக் கேக்குத ஆளுக்கு முன்னால எப்படிப் பாடுதது? நான் அடுத்த மாசமும் இங்கதான் இருப்பேன். பாட்டு போனாலும் இருப்பேன். ஊரு முழுக்க சந்தேகப்பட்டாரு, முப்பத்து மூணு வருசத்துல என்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல. இப்ப என்னையும் தூக்கித் தட்டுல வச்சிட்டாரு.”

அதோடு முடிந்தது.

சத்தியநேசன் ஹெட்போனைக் கழற்றவில்லை.

லில்லி டீயோடு வந்தார்.

“நீ போயிருவன்னு நான் நினைக்கல்ல, லில்லி.”

“பின்ன?”

“நீ அடுக்களையில பாடிக்கிட்டே இருப்ப. காலையில முழிச்சதும் அதக் கேட்டுத்தான்… அது இல்லன்னா வீட்டுக்குள்ள நான் என்ன செய்ய?”

லில்லி டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

“டீயக் குடிங்க. ஆறிரும்.”

ஆசிரியை தன்னுடைய இரும்புப் பெட்டியைத் துண்டில் சுற்றினார். கடைப் பெட்டியை அட்டையில் போட்டார். இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சத்தியநேசன் வாசல்வரை போனார்.

“எந்தப் பெட்டியில எடுத்தீங்கன்னு சொல்லலியே.”

“மூணையும் பத்து நாளாக் கேட்டிருக்கீங்க. நீங்க சொல்லுங்க.”

அவரால் சொல்ல முடியவில்லை. ஆசிரியை ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

லில்லி முதல் வேலையாக ஜன்னலில் திணித்திருந்த சேலைகளை உருவி எடுத்தார். மின்விசிறியைப் போட்டார். மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தார். சத்தியநேசன் நோட்டை அலமாரிக்கு மேல் வைத்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் அவருடைய கை ஒரு தடவை தானாக உயர்ந்தது. லில்லி அதைப் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை. சத்தியநேசன் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

ஐந்து நாளில் ஆறு பாட்டுகள் பதிவாயின.

“ஏழாவது?” என்று கேட்டார்.

“மழைப் பாட்டா? அத ஆபரேசன் முடிஞ்சு வந்து பாடுதேன்.”

“வந்து பாட முடியலன்னா?”

“முடியலன்னா முடியல.”

லில்லியே மைக்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

அறுவை சிகிச்சை முடிந்தது. முதல் மூன்று வாரம் லில்லிக்குக் குரல் எழும்பவில்லை. காற்றாகத்தான் பேசினார். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது என்பதால் சத்தியநேசன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் இருக்கிற அறைக்கெல்லாம் போனார். நான்காவது வாரம் பேச்சு திரும்பியது. மேல் ஸ்தாயி திரும்பவில்லை. நாள் கொஞ்சம் ஆகட்டும் என்றார் மருத்துவர். நாள் ஆகியும் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சோற்றை இறக்கி வைத்துவிட்டு, லில்லி அவரிடம் மைக்கை எடுக்கச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் சத்தியநேசன் ஆசிரியையின் மாடிக்கு வந்தார். வகுப்பு முடியும்வரை பின்வரிசையில் காத்திருந்தார். எல்லாரும் போன பிறகு ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தார்.

“மழைப் பாட்டு. உண்மையச் சொல்லணும், டீச்சர். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும்.”

ஆசிரியை கடைசிவரை கேட்டார்.

“சுருதி நல்லாக் கீழ இறங்கியிருக்கு. மூச்சு கூடுதலாத் தெரியுது. ரெண்டு இடத்துல குரல் உடையுது.”

“அது எனக்கும் கேட்டுது. நல்லா இருக்கா, இல்லியா?”

“முதல் தடவ பாடினதா இது?”

சத்தியநேசன் தயங்கினார்.

“ரெண்டாவது தடவ. முதல் தடவ பாடுனப்ப நான் பதிவுப் பொத்தான அழுத்தல்ல.”

“நீங்களா?”

“மறந்துட்டேன். பாட்டு முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பாத்தேன். அப்புறம் அவகிட்ட இன்னொரு தடவ பாடச் சொன்னேன்.”

“அந்த முதல் தடவ எப்படி இருந்துச்சு?”

“அது நல்லா இருந்துது, டீச்சர்” என்றார் உடனே. “ரொம்ப நல்லா இருந்துது.”

“எப்படிச் சரிபாத்தீங்க?”

“சரிபாக்கல்ல, டீச்சர். கேட்டுக்கிட்டு இருந்தேன்.”